கிளிப் இல்லாத பேனா

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மகனுக்குக் குமுளியில் பெண் அமைந்தது. எங்கள் வகையறாவில் நிச்சயத்தன்று முகூர்த்தத் தாளை மாப்பிள்ளையின் தகப்பன்தான் எழுத வேண்டும். அதற்கென்று நல்லதாக ஒரு மைப்பேனா தேடினேன்.

ஒருவர் தனியாளாகப் பித்தளையில் கடைந்து விற்கிறார். வெறும் குழாய். வளையம் இல்லை, கிளிப்பும் இல்லை. போனில் கேட்டேன். "கிளிப்பெல்லாம் அலங்காரம் சார், அழகைக் கெடுத்துரும்" என்றார், ஏதோ ஞானோபதேசம் செய்வதுபோல. நானும் மண்டையை ஆட்டி வாங்கினேன்.

நிச்சயத்தன்று பாதி மையோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாததால் அந்தக் குழாய் பைக்குள் சரிந்து படுத்துவிட்டது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஏற, உள்ளே இருந்த காற்று உப்பி மையை வெளியே தள்ளியிருக்கிறது.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி பல்லைக் கடித்தாள். "ஏங்க, நெஞ்செல்லாம் நீலமா இருக்கு! எல்லாரும் பாக்குறாக, துண்டை இங்கன இழுத்து விடுங்க!"

நல்லவேளை, முகூர்த்தத் தாள் அவள் கைப்பையில் இருந்ததால் தப்பியது.

சம்பந்தி தன் சட்டையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி நீட்டினார். "இதுல எழுதுங்க சம்பந்தி. இது மலை ஏறுனா வாந்தி எடுக்காது."

இப்போதெல்லாம் கிளிப் உள்ள பால்பாயிண்ட்தான் என்னோடு மலை ஏறுகிறது. அந்த அழகுப் பேனா கடை மேசையில் இருக்கிறது. அலங்காரமே வேண்டாத அந்த மகான் உருண்டு விழாமலிருக்க, இரண்டு பக்கமும் தீப்பெட்டி முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.