ஐம்பது நாள் குழந்தைக்குக் களியா?

போன வெள்ளிக்கிழமை வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. என் கணவர் நாலைந்து நாளாக என்னிடம் காபி கூடக் கேட்பதில்லை. தானே போட்டுக் குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். பதமான வார்த்தைகளை எதிர்பார்க்கிறவர்கள் இந்த வாரம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

விஷயம் இதுதான்.

மாசி மாதம் வந்தால், வருஷத்துக்கு வேண்டிய புளி வாங்க நான் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறிக் குந்தாரப்பள்ளிப் பக்கம் போவது வழக்கம். அங்கே மாதப்பன் என்கிற விவசாயி வீட்டில்தான் எப்போதும் வாங்குவேன். நல்ல மரங்கள், நல்ல புளி. உலுக்கிக் காய வைப்பது ஆண்கள் வேலை. ஓடு தட்டுவது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் பெண்கள் தலையில். மாதப்பனின் அக்கா முனியம்மாள்தான் அந்த வீட்டுக்கு எஜமானி. புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவள் பார்த்தால் புளி தானாக ஓட்டை விட்டு வெளியே வந்துவிடும் — அப்படி ஒரு அதிகாரம்.

மாதப்பனின் மனைவி நாகம்மா. இருபது வயது இருக்கும். தலைப்பிரசவத்துக்கு உத்தனப்பள்ளியில் உள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்த செய்தி எனக்குத் தெரியும். மூன்று மாதமாவது அங்கேதான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால்... வாசலில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறாள்!

"என்ன நாகம்மா, அதற்குள் வந்துவிட்டாய்?" என்றேன்.

அவளை முந்திக்கொண்டு முனியம்மாள் சொன்னாள்:

"காயி காஞ்சு கெடக்குதுங்கம்மா. தட்ட ஆளு வேணுமில்ல? அங்க கம்முனு ஒக்காந்துக்கிட்டு என்னா பண்றா? அதான் அம்பதாம் நாளே கூட்டியாந்துட்டோம்."

"குழந்தை எங்கே?"

"உள்ள தூங்குது. எங்க ஊட்டுப் புள்ள அழவே அழாதுங்க. காலைல படுத்துச்சுன்னா பொழுது சாயறப்பத்தான் கண்ணு முழிக்கும். நாலு நாளா ஒரு சத்தம் கெடையாது!"

மகன் பரீட்சையில் முதலாவதாகத் தேறியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொடுத்து வைத்தவர்கள்" என்றேன். நாலு பிள்ளை பெற்றவள் நான்! அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. இந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாவகாசமாக உட்கார்ந்து புளி பார்த்தேன். கறுப்பு எது, சிவப்பு எது, ஈரம் இருக்கிறதா... ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் நாகம்மாவைக் கவனித்தேன். ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பால். முந்தானையால் மூடிக்கொண்டு, தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். வலி எவ்வளவு இருக்கும் என்று பால் கட்டிய பெண்களுக்குத் தெரியும்.

தாய்க்கு இப்படிப் பால் வழிகிறது; குழந்தைக்குப் பசிக்கவில்லையா? அது என்ன தூக்கம்?

எழுந்து உள்ளே போனேன். தூளியை விலக்கிப் பார்த்தேன். குழந்தை வாயைச் சற்றே திறந்தபடி கிடந்தது. உதடு காய்ந்திருந்தது. உள்ளங்காலில் விரலால் சுண்டினேன். கண்ணைப் பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. தூக்கினால், ஈரத் துணி மாதிரி கையில் துவண்டது. வயிறு மட்டும் கல்லாக இருந்தது. நாகம்மாவைக் கூப்பிட்டுப் பால் கொடுக்கச் சொன்னேன். காம்பை வாயில் வைத்தால் சப்பக்கூடத் தெரியவில்லை அதற்கு. பால் அதன் கன்னத்தில் வழிந்தது.

"என்ன கொடுத்தீர்கள்?" என்று கத்தினேன்.

முனியம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "என்னாத்துக்குக் கத்தறீங்க? ராகி மாவச் சீலைல சலிச்சு, கெட்டியாக் காச்சி, தெனம் காலைல ரெண்டு வெரலு ஊட்டுனேன். தூங்கட்டும்னு கொஞ்சம் கசகசா அரைச்சுப் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"ஐம்பது நாள் குழந்தைக்குக் களியா?"

"பாலு தண்ணியாட்டம்ங்க. நிக்காது. மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு அழுவுது, அவ கை வேலையப் போட்டுட்டு ஓடறா. களி தின்னா, ஏர் ஓட்டற ஆம்பளைக்கே பொழுது சாயற மட்டும் தாங்குது. புள்ளைக்குத் தாங்காதா?"

கேட்டீர்களா நியாயத்தை? இந்தச் சீமையில் களியைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள். நானும் களி தின்று வளர்ந்தவள்தான். இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் களிதான். ஆனால் ஏர் ஓட்டுகிறவனுக்கு எது பலமோ அது தொட்டில் குழந்தைக்கும் பலம் என்று யார் சொன்னது? பல் இல்லை, தலை நிற்கவில்லை, தண்ணீர் கூட ஒழுங்காக விழுங்கத் தெரியாது. அதன் வயிற்றில் போய்க் களியை அடைத்து, மேலே மயக்கத்துக்குக் கசகசா! அது தூங்கவில்லை, அம்மா. விழிக்கத் திராணி இல்லாமல் கிடந்தது.

வாசலில் மாதப்பன் வண்டியில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சந்தை. "மாதப்பா, குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மூட்டையை இறக்கு" என்றேன்.

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"சந்தைக்கு நேரமாயிடுச்சுங்கம்மா" என்றான். "போயிட்டு வந்து, பொழுது சாயக் கூட்டிக்கிட்டுப் போறனே. தூங்கற புள்ளைய எழுப்புவாங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் நான் பேசியது ஒன்றும் வேலை செய்யவில்லை. வேலை செய்தது நாகம்மாதான். அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண், குழந்தையை என் கையில் கொடுத்தாள். நேரே வண்டிக்குப் போனாள். மேலே இருந்த மூட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்துக் கீழே தள்ளினாள். மூட்டை வாய் பிரிந்து புளி மண்ணில் கொட்டியது. அடுத்த மூட்டை. பிரசவித்து ஐம்பது நாள் ஆன உடம்பு!

"ஏம்மே, உனக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சா?" என்று முனியம்மாள் ஓடி வந்தாள்.

"எம் புள்ள, அண்ணி" என்றாள் நாகம்மா. அவ்வளவுதான் சொன்னாள். மூன்றாவது மூட்டையை மாதப்பனே இறக்கினான்.

மெயின் ரோடு வரை வண்டி. அங்கே பெங்களூரிலிருந்து வந்த ஒரு லாரியை, நடு ரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் ஒரு சாயபு. குழந்தையைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஏறுங்கம்மா" என்றார். வழியில் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்.

டாக்டரம்மாவும் நர்ஸும் என்னென்னவோ செய்தார்கள். வயிற்றைக் கழுவினார்கள். நாகம்மாவின் பாலைப் பீய்ச்சச் சொல்லி, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு ஒரு சொட்டு உள்ளே போயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். நாகம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இன்னும் ஒரு நாள் இப்படியே 'தூங்க' விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்; என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இனி உங்களிடம் வருகிறேன். ஆமாம், உங்களிடம்தான்.

பட்டிக்காட்டு ஜனங்கள், படிப்பில்லை என்று உச்சுக் கொட்டுகிறீர்கள் இல்லையா? போன மாதம் இந்தப் பத்திக்கு வந்த லெட்டர்கள் என் மேஜையில் இருக்கின்றன. பெங்களூரில் ஆபீசர் மனைவி ஒருவர் எழுதுகிறார்: ஒன்றரை மாதக் குழந்தைக்கு டின் பால் மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்கலாமா, இரவில் ஆபீசருக்குத் தூக்கம் கெடுகிறது. சேலத்திலிருந்து இன்னொருவர்: குழந்தை தூங்க என்ன மருந்து கொடுக்கலாம்? ராகிக்குப் பதில் டின், கசகசாவுக்குப் பதில் பாட்டில். வேறு என்ன வித்தியாசம்? ஒரு லெட்டராவது "தாய் எப்போது தூங்குவது?" என்று கேட்கிறதா? தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன், வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த வயதில் குழந்தையின் வயிறு கோழிமுட்டை அளவுதான் இருக்கும். தாய்ப்பால் சீக்கிரம் ஜீரணமாகும். அது பாலின் குற்றமில்லை, பெருமை. ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் விழித்து அழுவதுதான் அதன் உத்தியோகம். இராப் பகல் தெரியாமல் வந்த ஜீவன் அது. பகலில் வெளிச்சத்திலும் வீட்டுச் சத்தத்திலும் கிடக்கட்டும். இரவில் விளக்கைத் தணித்து, கொஞ்சாமல், பேசாமல் பாலைக் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள். சில வாரத்தில் தானே புரிந்துகொள்ளும். அது தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும். புளி தட்டக் கூடாது, அப்பளம் இடக் கூடாது, வந்தவர்களுக்குக் காபி கலக்கக் கூடாது!

களி, கஞ்சி, சோறு? ஆறு மாதம் ஆகட்டும். தலை நிற்க வேண்டும். சாய்த்து உட்கார வைத்தால் உட்கார வேண்டும். நாம் சாப்பிடுவதைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும். அப்போது கொடுங்கள் ராகியை — ஊற வைத்து, முளை கட்டி, அரைத்துத் துணியில் வடிகட்டித் தண்ணீராகக் காய்ச்சி, இரண்டே ஸ்பூன். பாலையும் நிறுத்தாமல். நம் ராகிக்கு அப்போது நானே சலாம் போடுகிறேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் மறுநாள் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை.

சனிக்கிழமை முனியம்மாள் நாகம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். களி வயிற்றில் என்ன செய்யும், கசகசா என்ன செய்யும், இப்படித் 'தூங்கும்' குழந்தை ஏன் பால் குடிக்காது, ஏன் விழிக்காது, கடைசியில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

முனியம்மாள் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். டாக்டரம்மா போன பிறகு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் மடியில் இருந்தது.

"அம்மா, எனக்கு ரெண்டு பொறந்துச்சுங்க" என்றாள். "ரெண்டுக்கும் இப்பிடித்தான் ஊட்டுனேன். எங்க மாமியா சொல்லிக் குடுத்தா. ரெண்டும் அழுவாதுங்க. நல்லாத் தூங்குமுங்க."

பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"சாமி எடுத்துக்கிச்சுன்னு இருந்தனே..." என்றாள்.

என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள்? அதை யார் மேல் காட்டுவது? அந்த மாமியார் மேலா? அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மேலா? இத்தனை வருஷமாக அந்தக் கிராமத்துக்குப் புளி வாங்க மட்டும் போய்க்கொண்டிருந்தேனே, என் மேலா? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் மாதப்பன் வண்டியோடு நின்றான். குழந்தை, பசியோ என்னவோ, நர்ஸ் கையிலிருந்து வாங்கும்போதே வீல் வீலென்று ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகம்மா வண்டியில் ஏறி மடியில் போட்டு முந்தானையை எடுப்பதற்குள் மாடு மிரண்டது. மாதப்பன் முகம் சுளித்து, "என்னாக்கா, இப்பிடிக் கத்துது?" என்றான்.

முனியம்மாள் வண்டிக்குள்ளிருந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கத்தட்டும்டா. நீ கம்முனு வண்டிய ஓட்டு!"