பளபளா அலசிய குழாய்

எதைக் கழற்றினாலும் அலசித் துடைத்துவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பளபளா. "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என்னையே ரெண்டு தடவ அலசிட்டா" என்பார் தையல்காரக் கணவர். அவளுக்கு அதில் பெருமைதான்.

அவள் பார்த்துக்கொண்ட இயந்திரம் லேசுப்பட்டதல்ல. தண்ணீரை முந்நூற்று எழுபத்து நான்கு டிகிரிக்கு மேல் சூடாக்கி எக்கச்சக்கமாக அழுத்தினால், அது திரவமும் இல்லாமல் ஆவியும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாகிவிடும். அணு உலைத் தண்ணீரை வடிகட்டிக் கழிவாகிப்போன பிசின் மணிகளை ஆக்சிஜனோடு அதில் விட்டால் சுத்தமாக எரித்துத் தீர்த்துவிடும். ஆனால் சாதாரணத் தண்ணீரில் கரையும் உப்பு அதில் கரையாது. கதிர்வீச்சுப் பொருளும் உப்போடு சேர்ந்து குழாய்ச் சுவரில் அப்பிக்கொள்ளுமோ என்பதுதான் சோதனையை நடத்திய விஞ்ஞானியின் பயம்.

மூன்று வருடமாகக் கதிர்வீச்சு இல்லாத கோபால்ட் ஏற்றிய மணிகளை வைத்துச் சோதனை நடந்தது. முப்பத்தோரு முறையும் குழாய் பளிச்சென்றே அவர் மேசைக்கு வந்தது; எதுவும் அப்பவில்லை என்று எழுதிக்கொண்டார். உள்ளே போனதைவிட வெளியே வரும் தண்ணீரில் கோபால்ட் குறைந்ததை, வடிகட்டியில் தங்கியிருக்கும் என்று அதன் தலையில் கட்டிவிட்டார். திங்கட்கிழமை நிஜக் கழிவு வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை, குழாய் அலசும் வாளி ஓட்டை. வேறு வழியில்லாமல் அலசிய தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக இறங்கியது. கோபால்ட் கரைந்த நிறம். மணிகளில் ஏற்றும் கோபால்ட் பாட்டிலில் தினமும் பார்ப்பதுதான். குழாயில் அப்பியதையெல்லாம் இத்தனை நாளும் அவளே அலசித் தள்ளியிருக்கிறாள்.

நல்ல பழக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதில்தான் வம்பே. கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, பெயரும் கெடாது. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாகிவிட்டது. குடுவையோடு போய் விஞ்ஞானியின் முன்னால் நின்றாள்.

"இது என்னம்மா?"

"குழாய அலசின தண்ணி சார்."

அவர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரு அலசச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அழுக்கா குடுக்க மனசு வரல."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ விடாம."

மூன்று வருட அறிக்கை மேசையில் இருந்தது. அவர் அதைத் தள்ளி வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தாள், கத்தவில்லை.

"திங்கக்கிழம நிஜக் கழிவு ஓடின பிறகு, குழாய யாரு கழட்டியிருப்பா?"

"நான்தான் சார்."

"அப்பவும் அலசியிருப்பீங்களா?"

"அலசியிருப்பேன்."

அவர் அவளுடைய ஈரக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், நாட்காட்டியில் திங்கட்கிழமையைக் கோடு போட்டு அடித்தார்.