பெரியவரின் மூன்று விரல்கள்

போன சனிக்கிழமை மத்தியானம், மொன்றியலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில், முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மானம் கப்பலேறியது. ஹால் புக் பண்ணியது நான். புரொஜெக்டர் கொண்டுபோனது நான். வந்தவர்கள் கொறிக்க ரோல்ஸ் ஆர்டர் கொடுத்ததும் நான்தான். வினை அந்த ரோல்ஸோடு வந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் – யார் வீட்டுக்குப் போனாலும், கொடுக்கிற கப்பைத் தூக்கி அடியைப் பார்ப்பவன் நான். போன தீபாவளிக்கு ஒரு டாக்டர் நண்பர் வீட்டில், உள்ளே பாயசம் இருப்பதை மறந்து கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன். கார்பெட் வெள்ளை. கிண்ணமோ டாலர் கடைச் சரக்கு. அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் தருகிறார்கள்.

அடியில் அப்படி என்ன இருக்கிறது? முத்திரை. இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சிலர், தொழிற்சாலைப் பீங்கான் வேண்டாம் என்று சின்னச் சின்னப் பட்டறை வைத்து, சக்கரத்தில் தங்கள் கையாலேயே கிண்ணமும் கூஜாவும் செய்தார்கள். ஸ்டூடியோ பாட்டரி என்று பெயர். கையெழுத்தெல்லாம் போட மாட்டார்கள். மண் காய்வதற்குள் அடியோரமாக நகத்தளவு ஒரு முத்திரை குத்துவார்கள், அவ்வளவுதான். அதை வைத்து யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிப்பதில்தான் என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு ஆனந்தம்.

அதெல்லாம் மொன்றியலுக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? இங்கே குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்கள் கொண்டுவந்தவை. இப்போது அவர்கள் பெரிய வீட்டை விற்றுவிட்டு காண்டோ ஃபிளாட்டுக்குப் போகிறார்கள். பேஸ்மென்டில் இருந்ததெல்லாம், வீட்டு வாசலிலேயே போட்டு விற்கும் கராஜ் சேலுக்கு வருகிறது. நானோ சென்ட் லோரன்டில் விமானப் பாகம் செய்யும் கம்பெனியில் முப்பது வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவன். ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரிட்டயரான பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

என் கண்ணாடி அலமாரியின் நடு நாயகம் ஒரு கிண்ணம். கரும்பழுப்பு நிறம், விளிம்பில் மட்டும் துருவேறிய மாதிரி ஒரு சிவப்பு. இங்கிலாந்தில் கார்ன்வாலில் பட்டறை வைத்திருந்த ஒரு மேதை செய்தது. பெயர் வேண்டாம், 'பெரியவர்' என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டறையில் இரண்டு முத்திரைகள் உண்டு. ஒன்று பட்டறை முத்திரை – வேலைக்கிருந்தவர்கள் செய்த கப், சூப் கிண்ணம் எல்லாவற்றிலும் அதுதான். இன்னொன்று பெரியவரின் சொந்த முத்திரை. தன் கையால் செய்ததில் மட்டுமே அதைக் குத்துவார். என் கிண்ணத்தில் இருப்பது சொந்த முத்திரை.

முத்திரையைத் தாண்டியும் நான் ஒன்று கண்டுபிடித்தேன். கிண்ணத்தைக் கண்ணாடிப் பூச்சு வாளியில் முக்கும்போது அடியைப் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா? விரல் இருக்கும் இடத்தில் பூச்சு ஒட்டாது. என் கிண்ணத்தில் அப்படி மூன்று தடங்கள், மூன்றும் சின்னச் சின்னவை. பெரியவரோ ஆறடி ஆள், பனங்காய் மாதிரிக் கை. இது எப்படி? பல வருஷம் யோசித்து ஒரு கொள்கை வகுத்தேன் – வயதான காலத்தில் அவர் விரல் நுனிகளால் மட்டும் பிடித்திருக்கிறார். முதுமையின் பக்குவம், பொருளை அழுத்தாத ஞானம்... இப்படியெல்லாம் எழுதி இந்த ஊர் சேகரிப்பாளர் சங்கத்துக்கு அனுப்பினேன். பதினொரு வருஷமாக என்னை மேடைக்குக் கூப்பிடாதவர்கள் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'மூன்று விரல்கள்'.

இனி ஸ்டெல்லா. மன்னார்க்காரர், வயது அறுபதை நெருங்குகிறது. சென்ட் லோரன்டில் மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். அவர்கள் மாதா கோயில் திருநாள் எதுவும் அவருடைய ரோல்ஸ் இல்லாமல் நடக்காது. என் மனைவி வசந்தாவுக்கு நல்ல சிநேகிதி என்றாலும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று டப்பாவைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர்.

என் கூட்டத்துக்கு சிற்றுண்டி பேச வியாழக்கிழமை வந்தார். வெளியே பனி கொட்டியதால் வசந்தா உள்ளே இழுத்து வந்துவிட்டாள். எண்பது வெஜிடபிள் ரோல்ஸ் என்று முடிவானது. அதற்குள் அவர் கண் அலமாரிக்குப் போய்விட்டது.

"அண்ணை, இது எங்கை எடுத்தனீங்கள்?"

கேட்டது ஒரு வரி. நான் சொன்ன பதில் இருபது நிமிஷம். பெரியவரின் வரலாறு, இரண்டு முத்திரைகள், முதுமையின் பக்குவம் – ஒன்றையும் விடவில்லை. பாவம், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இது அவரின்ரை இல்லை அண்ணை. நான் செய்தது."

நான் சிரித்தேன். பெரிய மனிதர்கள் சின்ன மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கருணைச் சிரிப்பு. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா கதையைச் சொன்னார். இருபது வயதில் அண்ணனோடு லண்டன் வந்தவரை, அங்கே ஒரு கன்னியாஸ்திரி கார்ன்வாலில் ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை பார்க்க அனுப்பியிருக்கிறார். அது பெரியவரின் மகன் குடும்பம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் பட்டறையைக் கூட்டப் போய், மண் பிசையக் கற்று, ஒரு வருஷத்தில் சக்கரத்துக்கே வந்துவிட்டார். நாலு வருஷம், ஒரே அளவில் சூப் கிண்ணங்கள். ஒருநாள் சூப் கிண்ணத்துக்கு வைத்த மண் அவர் கையில் வேறு ஏதோவாக எழுந்தது. அவருக்கே ஆச்சரியம்.

"மத்தியானம் பெரியவர் சாப்பிடப் போயிருந்தவர். அவரின்ரை முத்திரை மேசையிலை கிடந்தது. எடுத்துக் குத்திப்போட்டன். ஏன் எண்டு இண்டைக்கும் தெரியாது."

சூளையைத் திறந்த அன்றுதான் வேடிக்கை. பெரியவர் கிண்ணத்தை எடுத்தார், திருப்பினார், தன் முத்திரையைப் பார்த்தார். எப்போது செய்தோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் பட்டறை முழுவதையும் கூப்பிட்டு, கிண்ணம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார். ஸ்டெல்லாவையும்தான் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு உண்மையை எப்படிச் சொல்வது? கிண்ணம் விலைபோனது. ஸ்டெல்லா பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்லி அழுது பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு, கல்யாணமாகி மொன்றியல் வந்துவிட்டார்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. களவு களவுதானே. கோயில் ஆக்களுக்குத் தெரிஞ்சால் நான் என்னெண்டு முகத்தைக் காட்டுறது?"

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் சத்தியம் பண்ணியதே இல்லை. அவர் மானமும் காப்பாற்றப்படும், என் ஸ்லைடுகளும் காப்பாற்றப்படும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உதவும் பொய் எத்தனை தடவை கிடைக்கும், சொல்லுங்கள்?

வசந்தா அவரை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வந்தாள்.

"அப்போ சனிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

ஸ்லைடில் இருப்பதைத்தான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வையைக் கண்டுதான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை. நான் நினைத்ததைவிட நல்ல கூட்டம். முன் வரிசையில் சங்கத்தின் தலைவி, எண்பது தாண்டிய ஆங்கிலேய அம்மாள். பின்னால் மேசையருகே ஸ்டெல்லா, கையில் கிடுக்கியோடு ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இருக்கும் பக்கமே திரும்பாமல் பேசுவது என்று முடிவு செய்திருந்தேன். 'செய்ததாகக் கருதப்படுகிறது', 'இருக்கலாம்' என்றெல்லாம் மழுப்புவதாகவும் திட்டம். ஆனால் மைக்கைப் பிடித்த மனிதனுக்கு அடக்கம் எத்தனை நிமிஷம் நிற்கும்? மூன்றாவது ஸ்லைடிலேயே 'சந்தேகத்துக்கு இடமில்லாமல்' வந்துவிட்டது. முதுமையின் பக்குவத்துக்கு வரும்போது என் மூன்று விரல்களையும் தூக்கிக் காட்டினேன்.

பிறகு கிண்ணத்தைக் கைக்குக் கை சுற்றி அனுப்பினேன். அது ஒரு ரிட்டயர்ட் பல் மருத்துவரிடம் போய் நின்றது. பிரெஞ்சுக்காரர், சட்டைப் பையில் எப்போதும் டார்ச். பல்லைப் பார்ப்பது போலவே அடியைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார் – விளிம்பு மோசமில்லை, ஆனால் இது பெரியவர் வேலை இல்லை, அடி கனமாக இருக்கிறது, யாரோ கத்துக்குட்டி அவசரத்தில் செதுக்கியது.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து பெரியவருக்காக வாதாடினேன். அவர் ஒரு புத்தகத்தைச் சொன்னார், நான் இரண்டைச் சொன்னேன். அவர் மறுபடியும் 'கத்துக்குட்டி' என்றார். கிடுக்கியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா நடந்து வந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அவர் பேசிய ஆங்கிலத்தை நான் அதுவரை கேட்டதில்லை, சுத்தமான கார்ன்வால் ஆங்கிலம். அடி கனமில்லை, அந்த மண்ணை இன்னும் மெல்லிசாகக் கடைந்தால் சூளையில் உட்கார்ந்துவிடும், அவசரமும் இல்லை, ஒரு காலை முழுக்க ஆனது என்றார். பல் மருத்துவர் மரியாதையாக, மேடம், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைந்தது நான்தான் என்றார் ஸ்டெல்லா. முத்திரை மட்டும் அவருடையது, கேட்காமல் எடுத்துக் குத்தினேன், அது தப்பு, அடியில் ஒரு தப்பும் இல்லை.

தலைவி அம்மாள் கிண்ணத்தை வாங்கி ஸ்டெல்லாவிடம் நீட்டினார். ஸ்டெல்லா இடது கையால் அடியைப் பிடித்தார். கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மூன்று தடங்களிலும் போய் அப்படியே உட்கார்ந்தன. எத்தனை ராத்திரி அந்தத் தடங்களில் என் விரலை வைத்துப் பார்த்திருப்பேன்... ஒருநாளும் சேர்ந்ததில்லை. எனக்குக் காது சுட்டது. அதே நேரம், நம்பினால் நம்புங்கள், கண்ணும் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

தலைவி என் பக்கம் திரும்பி, இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்றார். இப்போதுதான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது வரிசையில் வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோரும் ஸ்டெல்லாவைச் சுற்றி நின்றார்கள். பல் மருத்துவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பாடம் கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பேச்சாளராக ஸ்டெல்லாவையே அங்கேயே பிடித்துப் போட்டுவிட்டார்கள். நான் ஓரமாக நின்று ஆறிப்போன ரோல்ஸ் நாலு சாப்பிட்டேன்.

திரும்பும்போது காரில் ஸ்டெல்லாவிடம் கேட்டேன் – யாருக்கும் தெரியக்கூடாது என்றீர்களே, ஊருக்கே தெரிந்துவிட்டதே?

"பாவத்தை அப்பவே சொல்லி முடிச்சிட்டன் அண்ணை, ஆண்டவர் மன்னிச்சிருப்பார். அதுக்காக அடி சரியில்லை எண்டு சொன்னாப் பாத்துக்கொண்டு நிக்கேலுமோ?"

யோசித்துப் பார்த்தால், நாம் செய்த தப்பைக்கூட ஒத்துக்கொண்டுவிடுகிறோம். செய்த வேலையை ஒருவன் குறை சொன்னால் மட்டும் தாங்குவதில்லை. எனக்கும் அப்படித்தானே? கிண்ணம் போலி என்றதைவிட, என் கொள்கையைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை பேசாததுதான் இன்னும் குத்துகிறது.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தின் கீழிருந்த அட்டையை எடுத்துவிட்டு, 'ஸ்டெல்லா, மன்னார்' என்று எழுதி வைத்தேன். அலமாரி முழுக்க மேதைகளின் பெயர்கள். அத்தனையிலும் யார் செய்தது என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியது இப்போது அது ஒன்றுதான்.

நேற்று ஸ்டெல்லா போன் பண்ணினார். அன்றைக்கு அலமாரியில் இன்னும் இரண்டு மூன்று சாமான்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்ததாம், ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒருமுறை பார்க்கட்டுமா என்று கேட்டார்.

அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.