நாற்பத்திரண்டாவது பெயர்

என் அக்கா ஷோபனாவுக்குக் கோபம் வரவைப்பது சுலபம். ஒரு படத்தைக் காட்டி, இதை யார் வரைந்தார்கள் என்று தெரியவில்லை என்றால் போதும். போளூரில் நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தப் படம் யாருடையது என்று பார்த்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதனால் அவள் உள்ளே வந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன்.

அக்கா சென்னையில் ஓவியக் கல்லூரி ஆசிரியை. படமும் வரைவாள், ஆராய்ச்சியும் செய்வாள். கலையால் வரும் பேரும் வருமானமும் அதில் உழைத்த எல்லாருக்கும் நியாயமாகப் போய்ச் சேருகிறதா என்பதுதான் பத்து வருட ஆராய்ச்சி. ஊருக்கு நியாயம் கிடைத்ததோ இல்லையோ, அவளுக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அதற்குப் பொது இடத்தில் அவள் பெயர் போட்ட பெரிய ஓவியம் ஒன்று வேண்டுமாம். இந்த வருடம் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும்.

அதற்காகப் புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் ஒரு சிற்றூரின் சமுதாயக் கூடத்துச் சுவரைப் பிடித்தாள். ஊர்க்காரர்கள் வரைவார்கள், இவள் உடனிருந்து நடத்துவாள். முதல் நாளே கூட்டம் போட்டு விதி வைத்தாள்: வேலை செய்த எல்லார் பெயரும் ஒரே அளவில் சுவரில் இருக்கும், யார் யார் என்பதை ஊரே கைதூக்கி முடிவு செய்யும். தவளை தன் வாயால் கெடும் என்பது அன்றைக்கு எனக்குக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் சுவர் நிறைந்தது. சாமை வயல், கரடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம். பஸ்ஸை மட்டும் யாரும் வரையவில்லை.

பிறகு பெயர் முடிவு செய்யும் நாள் வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். வரைந்தவர்கள் பத்தொன்பது பேர். அப்புறம் சாரம் கட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், களி கிண்டியவர்கள். ஈரப் பெயிண்டை நக்க வந்த ஆடுகளை விரட்டிய சின்னதம்பிக்கும் கை தூக்கினார்கள். அக்கா பூரித்துப்போய் எழுதிக்கொண்டே வந்தாள். பட்டியல் நாற்பத்தொன்றில் நின்றது. வேலையை முன்னின்று நடத்திய மாணிக்கம்மாள் கூட்டம் முடிந்தது என்றாள். அக்கா தொண்டையைச் செருமித் தன் பெயரை நினைவூட்டினாள்.

"நீ இன்னா வேலை பண்ண டீச்சர்?" என்றாள் மாணிக்கம்மாள்.

எல்லாரையும் ஒன்று சேர்த்ததை அக்கா சொன்னாள். குறிப்பெடுத்ததையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து நன்றாக யோசித்தார்கள், அதுதான் கொடுமை. கடைசியில் மாணிக்கம்மாள் அவர்கள் ஊர்ப் பலாப்பழக் கணக்கைச் சொன்னாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துச் சுளை எடுத்தவருக்குத்தான் பங்கு. பக்கத்தில் நின்று பார்த்தவர் விருந்தாளி.

"விருந்தாளிக்கு நல்ல சொளையா பாத்துக் குடுப்போம். பங்கு மட்டும் கெடையாது."

ஜீப்பில் மலையிறங்கும்போது அக்கா அழுதாள். பதவிக்காகச் சுவரைப் பார்க்கக் கல்லூரிக் கமிட்டி வர மூன்று நாள்தான் இருந்தது. கடைக்குப் போனதும் பதினைந்து அடியில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தேன்: 'முதன்மை ஓவியர் முனைவர் ஷோபனா'. அவள் முகத்தைப் போட்டு, கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியும் சேர்த்தேன்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு மலையேறினால், அக்கா எனக்கு முன்பே வந்து பிரஷ்ஷும் கையுமாகச் சுவரோரம் நிற்கிறாள். தன் பெயரைத் தானே எழுத எல்லாருக்கும் கூச்சமாம். அத்தனை பெயரையும் இவளே எழுதுகிறாள். ஃப்ளெக்ஸை விரித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கு ஆசை இருந்தது, எனக்குத் தெரியும்.

"மடிச்சு வைடா. இத மாட்டினா பத்து வருசமா நான் எழுதினதெல்லாம் பொய்" என்றாள். பிறகு, அந்த நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்தது யார் என்று கேட்டாள். நான் ஃப்ளெக்ஸை வேகமாக மடித்தேன்.

இரண்டு நாள் வெயிலில் நின்று நாற்பத்தொரு பெயரையும் முடித்தாள். புடவையிலும் காதிலும் பெயிண்ட். மாணிக்கம்மாள் அவள் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் கை தூக்கினார்கள்.

"இப்ப போட்டுக்க டீச்சர்."

தரைக்கு ஒரு சாண் மேலேதான் இடம் மிச்சம் இருந்தது. கமிட்டித் தலைவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தித்தான் படித்தார். முதன்மை ஓவியர் யார் என்று அங்கிருந்தபடியே கேட்டார். அப்படி யாரும் இல்லை, தான் நாற்பத்திரண்டாவது ஆள் என்றாள் அக்கா. பதவி போயிற்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்னபோது என் நெஞ்சு நிமிர்ந்ததும் உண்மை.

ஆனி மாதம் பலா அறுக்க இருவரையும் கூப்பிட்டார்கள். மாணிக்கம்மாள் என் ஃப்ளெக்ஸை வீணாக்காமல் தரையில் விரித்து, பெரிய பழத்தை அக்காவின் மூக்குமேல் வைத்தாள். அக்கா முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு பங்காளிகளோடு உட்கார்ந்தாள்.

எனக்கு நல்ல சுளையாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.