நாலாவது ஆல்பம்

மூக்குக் கண்ணாடியை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்க வந்த ஒருவரைப் பெங்களூரில்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், திறந்த மைதானம். த்ராஷ் மெட்டல் என்கிற அதிவேக ராக் இசைக்குழு வாசிக்க ஆரம்பித்ததும் மேடைக்கு முன்னால் பிள்ளைகள் வட்டமாக ஓடி ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. திடீரென்று அவள் தலை தெரியவில்லை. நான் அலறினேன்.

பக்கத்தில் நின்றவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். நரைத்த தாடி, கறுப்பு டி-ஷர்ட், கழுத்தில் பீன்யா தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றின் அடையாள அட்டை.

“பயப்படாதீங்க மேடம். விழுந்தா அவங்களே தூக்கி விட்டுடுவாங்க, அங்க பாருங்க.”

நாலைந்து கைகள் அவளைத் தூக்கி நிறுத்தின.

“எப்ப சார் வெளிய வருவா?”

“இன்னைக்கு அவங்க போட்ட ஆல்பத்தையெல்லாம் வரிசையா வாசிக்கிறாங்க. மொதலாவது வெறும் ஸ்பீடு. ரெண்டாவதுல நிறுத்தி அடிக்கக் கத்துக்கிட்டாங்க. மூணாவதுல மெட்டு வந்துச்சு. நாலாவது ரொம்ப ஸ்லோ, யாருக்கும் புடிக்காது. எல்லாம் தண்ணி குடிக்க வந்துடும். உங்க பொண்ணும் வருவா.”

அவர் சொன்னபடியே நடந்தது. நாலாவது ஆல்பத்தின் பாட்டு மெதுவாகத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. மகள் ஒற்றை ஷூவோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா, தண்ணி!”

நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் டப்பாவைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் வெளியே வந்த வழியில் அவர் மட்டும் உள்ளே போனார். காலியாகிவிட்ட முன்வரிசையில் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்று, கடைசி அடிவரை தலையாட்டிக் கேட்டார்.

யாருக்கும் பிடிக்காது என்றாரே!