சுவருக்கு மேற்கே நின்ற தண்ணீர்

திருவள்ளூர் வண்டி என்னை அம்பத்தூரில் இறக்கிவிட்டபோது காலை எட்டு மணி. ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நான் ஓவியக்காரி. ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, பழைய நில அளவைப் படங்களிலிருந்து இந்தப் பக்கத்து ஏரிகளையும் வாய்க்கால்களையும் படியெடுத்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. தொழிற்பேட்டை வயல்களைத் தின்றுகொண்டிருந்தது. தாளில் உள்ள நீர்வழி தரையில் எவ்வளவு மிச்சம் என்று நடந்து பார்த்து வரைய வந்திருந்தேன்.

அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கலிலிருந்து கொரட்டூர் பக்கமாக ஒரு மைல் நடந்திருப்பேன். வாய்க்கால் ஒரு கம்பெனியின் புதுச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு மேற்கே குடிசைகள். உள்ளே முழங்கால் தண்ணீர்.

முதல் குடிசையில் கன்னியம்மா என்ற பெண் சட்டிபானைகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். முன்பு இதே நிலத்தில் நாற்று நட்டவள். இப்போது போல்ட்டுப் பட்டறையில் வேலை.

"இன்னாம்மா எழுதிகினு கீறே? சர்க்காரா?"

"இல்லைங்க, படம் வரையறேன்."

"வரைஞ்சா தண்ணி வடிஞ்சிடுமா?"

காப்பகத்தில் படியெடுத்தது என்று சொல்லித் தாளை விரித்தேன். வாய்க்கால் சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டிக் கிழக்கே போவதை விரலால் காட்டினேன். "வா, உள்ள போலாம்" என்று என் கையைப் பிடித்தாள். நாலைந்து பெண்கள் கூட வந்தார்கள்.

"எங்க பத்திரத்துல வாய்க்காலே கிடையாதும்மா" என்றார் கம்பெனி மேனேஜர்.

"மாடியிலிருந்து ஒரு தடவை பார்த்துடலாமே, சார்" என்றேன்.

மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. வாய்க்காலின் ஈரத்தில் முளைத்த கோரைப்புல் பச்சைக் கோடாகச் சுவர்வரை வந்து, உள்ளேயும் தொடர்ந்து, அவருடைய குடோனை உரசிக்கொண்டு கிழக்கே வெளியே போனது.

"அதான் குடோன் தரை ஊறிக்கிட்டே இருக்கா?" என்று முணுமுணுத்தார்.

"எங்க ஊட்ல நிக்கிற தண்ணிதான் சார் அது. வழி உட்டா உங்களுக்கும் நல்லது" என்றாள் கன்னியம்மா.

மேனேஜர் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். பெண்கள் மண்வெட்டியோடு கோரையைத் தொடர்ந்து உள்ளே வெட்டிக்கொண்டே போனார்கள். மதியம் சுவரடியில் கடப்பாரை இறங்கியது. செந்நீர் இரைச்சலோடு பாய்ந்தது.

கிளம்பும்போது கன்னியம்மா கை நீட்டினாள். "அந்தத் தாளக் குடு. நாளைக்கு அடைச்சா இன்னாத்தக் காட்றது?"

"இது ஒண்ணுதான் இருக்கு."

"நீ போயி இன்னொண்ணு வரைஞ்சுக்குவே. எங்கள அந்தக் காப்பகத்துக்குள்ள உடுவாங்களா?"

கொடுத்துவிட்டேன்.

மாலை வண்டியில் மறுபடி தூறல். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எவ்வளவு மழை பெய்தாலும் காலையில் வடிந்திருக்கும். பிறந்தது முதல் அங்கேதான் இருக்கிறேன். அந்தத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.