ஐ வாஸ் க்ளோஸ் த கேட்

சிங்கப்பூரில் மார்சிலிங் கட்டுமான இடத்தில் ரத்னவேல் அண்ணனுக்குக் கேட்டில் வேலை. லாரி வந்தால் திறக்கணும், போனால் மூடணும். நான் உள்ளே கம்பி கட்டுகிறேன். தங்குமிடத்தில் இருவருக்கும் ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை நாங்களெல்லாம் தேக்கா கடைத்தெருவில் பிரியாணி தேடி அலையும்போது, நாற்பத்தாறு வயதில் அவர் மட்டும் நோட்டைத் தூக்கிக்கொண்டு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவார். எந்தக் கம்பெனிக்கு மேனேஜர் ஆகப்போகிறீர்கள் என்று நான் கிண்டல் செய்யாத வாரம் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு, கேட்டை இடித்துக்கொண்டு நடைபாதை வரை போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தமிழிலேயே எழுதலாம், ஆபீசில் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அண்ணன் கேட்கவில்லை. மூன்று மாதம் படித்த இங்கிலீஷை வேறு எங்கேதான் காட்டுவார்? ஒரே வரி எழுதினார்: ஐ வாஸ் க்ளோஸ் த கேட்.

சனிக்கிழமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் எதுவும் செய்யவில்லையாம். திங்களன்று விசாரணை, அதன்பிறகு ஊருக்கு அனுப்ப யோசனை. அண்ணன் முகமே செத்துப்போய்விட்டது. மகளை நர்சிங்கில் சேர்த்து ஒரு வருஷம்தான் ஆகிறது. திரும்பி வர வேண்டியிருக்கும் என்று போனில் சொன்னதும் அவர் மனைவி பஞ்சவர்ணம் மகளுக்குப் பீஸ் கட்டுவது எப்படி என்றுதான் முதலில் கேட்டாராம். வண்டி வெளியே போகாமல் தடுக்க ஓடிப்போய்க் கேட்டைத் தள்ளி மூடப்பார்த்த மனுஷனை வேடிக்கை பார்த்தவன் என்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிறன்று நானும் வகுப்புக்குப் போனேன். அனிதா டீச்சர் சிங்கப்பூர்க்காரப் பெண். அந்த வரியைப் படித்துவிட்டு, இதில் மெயின் வெர்ப் எது என்று கேட்டார். அண்ணன் 'வாஸ்' மேல் விரலை வைத்தார்.

"அது ஹெல்ப்புக்கு வர்றது லா, அண்ணா. 'மூடிக்கிட்டு இருந்தேன்'ல 'இருந்தேன்' மாதிரி. நீங்க செஞ்ச வேலை எங்க? 'வாஸ் க்ளோஸிங்'னு எழுதினாத்தான் மூடிக்கிட்டு இருந்தேன்னு அர்த்தம். வெறும் 'க்ளோஸ்'னா பக்கத்துல இருந்தேன்னு படிப்பாங்க."

அண்ணன் தான் எழுதின வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு சிரித்தே விட்டார். யாரும் தன்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை, தான் எழுதினதைத்தான் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. மறுபடி மறுபடி 'க்ளோஸிங்', 'க்ளோஸிங்' என்று ரயிலில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை விசாரித்தவர் பாதுகாப்பு அதிகாரி நூர்தீன். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னார். வண்டி மோதியபோது கேட் பாதி மூடியிருந்தது என்று ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் எழுதியிருந்தாராம். அதை யார் மூடினார்கள் என்று நூர்தீனுக்கு அதுவரை புரியவில்லை. தான் எழுத நினைத்தது என்னவென்று அண்ணன் சொன்னதும் புரிந்தது. வேறு தாள் கொடுத்து, இந்தத் தடவை தமிழிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு வார்த்தைதான் சார் தப்பு. நானே திருத்திடுறேன்" என்றாராம் அண்ணன்.

திருத்தினார். நூர்தீன் படித்துப் பார்த்து, கடிதத்தை ரத்து செய்துவிட்டு, நாளைக்குக் கேட்டுக்கு வந்துவிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் போனை எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"பஞ்சவர்ணம், நான் ஊருக்கு வரலை."

"அப்பாடா" என்றார் பஞ்சவர்ணம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.